தீவுக்கோ, பட்டணத்துக்கோ

எங்கள் காலத்தில் விடுமுறை ஒரே திசையில்தான் ஓடியது: நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு. ஓகஸ்ட் பிறந்தால் மாவிலித்துறையில் விடியமுன்னமே சனம் சேர்ந்துவிடும். தகரப் பெட்டி, பனையோலைக் கடகம், துணியால் வாய் கட்டிய தயிர்முட்டி, காலைக் கட்டித் தூக்கிய சேவல், நித்திரை குழம்பி அழுகிற பிள்ளை. எதிர்த்திசையில், விடுமுறை கழிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தீவுக்கு வந்த ஒருவரையும் எனக்கு நினைவில்லை. வந்தவர்கள் இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், மாட்டு வியாபாரிகள், எங்கள் ஊரில் சம்பந்தம் செய்தவர்கள்.

இப்போது ஓட்டம் திரும்பியிருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகள் ஆனி மாதமே தொலைபேசி எடுத்துக் கேட்கத் தொடங்குகிறார்கள்: "இந்த முறை தீவில நிக்கிறதோ, யாழ்ப்பாணத்தில நிக்கிறதோ?" போன ஓகஸ்டில் ஸ்காபரோவிலிருந்து வந்த தங்கச்சி வீட்டாரும் இதே கேள்வியோடுதான் வந்து இறங்கினார்கள். நான் ஒரு ஊரில் பிறந்தவள். மற்ற ஊரில் படித்து, படிப்பித்து, ஓய்வு பெற்றவள். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவள். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிக் கிடக்கிற தீவுகளில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை கடற்பாலங்களால் நிலத்தோடு சேர்ந்துவிட்டன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நான்குக்கும் இன்றும் படகுதான். அவற்றுள் எட்டத்தில் கிடப்பது நெடுந்தீவு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கடல். கடல் இருக்கிற இருப்பைப் பொறுத்துப் படகு ஒரு மணித்தியாலமோ கூடவோ எடுக்கும். தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். எங்கு நின்று பார்த்தாலும் தட்டை. ஒல்லாந்தர் இட்ட டெல்ஃப்ட் என்ற பெயரில்தான் பயணிகள் அதைக் கைபேசியில் தேடுகிறார்கள்.

ஓகஸ்ட் என்றால் சோழகம். தென்மேற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்று கடலை மேடும் பள்ளமுமாக்கிவிடும். எங்கள் படகு மரப்படகு. ஆண்கள் மேல்தட்டில் நிற்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கீழே, இயந்திரத்தின் சூட்டுக்கும் டீசல் மணத்துக்கும் நடுவில், மூட்டைகளுக்கிடையில் இருப்போம். துறையைத் தாண்டிப் படகு முதல் அலையில் ஏறி விழுந்ததும் அம்மா மடியை அவிழ்த்துத் தேசிக்காயை எடுப்பார். நகத்தால் தோலைக் கீறி என் மூக்கடியில் பிடிப்பார். "கண்ணை மூடிக்கொண்டு இழு பிள்ளை." அந்தப் பச்சைத் தோலின் மணம் தலைக்குள் ஏற, வயிற்றுப் பிரட்டல் கொஞ்சம் அடங்கும். பக்கத்துப் பெண்ணின் தயிர்முட்டி என் முழங்காலில் இடிக்கும். யாரோ சத்தி எடுப்பார்கள். யாரோ நயினை அம்மனைக் கூப்பிடுவார்கள். இவ்வளவு பாடும் பட்டுப் போவதற்கு யாழ்ப்பாணம் தகுதியான ஊர் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

பெரியம்மா வீடு வண்ணார்பண்ணையில், சிவன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் ஓடுவது சுவரிலிருந்த சுவிச்சுக்கு. தட்டினால் வெளிச்சம், தட்டினால் இருட்டு. தீவில் எங்களுக்கு அரிக்கன் லாம்பு. பின்னேரமானால் சாம்பலும் பழந்துணியும் வைத்துச் சிமினி துடைப்பது என் வேலை. கிணற்றடியில் இன்னோர் அதிசயம் இருந்தது: மோட்டரைப் போட்டால் தொட்டி நிறையும். எங்கள் வளவுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்கு நல்லதண்ணிக் கிணற்றடிக்கு நடக்க வேண்டும். கோடை முற்றினால் அங்கேயும் ஊறும்வரை குந்தியிருக்க வேண்டும். பெரியம்மா வீட்டுத் தொட்டி வழிந்து வாழையடிக்கு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் அப்படியே நிற்பேன். "என்னடி பார்க்கிறாய்?" என்று கேட்பார் பெரியம்மா. சொல்ல எனக்குத் தெரியாது.

பின்னேரங்களில் பெரியப்பா கூட்டிக்கொண்டு போவார். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்துபோனதன் நினைவாகக் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம், சுப்பிரமணியம் பூங்கா, முற்றவெளி, கோட்டை மதில். லீவுக்கு ஒரு படம் வின்சர் தியேட்டரில். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஜப்பான் ரேடியோக்களும் கசெற் றெக்கோடர்களும் வந்து நிறைந்தன. நல்லூர்க் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் ஊர் கோயில் வீதி மணலில்தான். கச்சான் கடை, காப்புக் கடை, குளிர்ந்து பல்லில் கூசுகிற ஐஸ்கிறீம். ஐஸ் என்ற பொருளை நான் முதன்முதல் தொட்டது யாழ்ப்பாணத்தில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நூலகம். 1959 இல் திறந்த வெள்ளைக் கட்டடம். இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொல்ல, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, சிறுவர் பகுதியில் என் உயரத்துக்கு அலுமாரி இருந்தது என்பது. நானே கை நீட்டி எடுக்கலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை. தீவில் எங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் தலைமையாசிரியரின் அறையில் பூட்டிக் கிடந்தன; கிழியாமல் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இல்லை, மறுபடி வாங்கக் காசு வராது. இங்கே பிள்ளைகள் புத்தகத்தை மேசையில் விரித்துப்போட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். பட்டணம் என்றால் இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

லீவு முடிகிற கிழமை நான் சாப்பிடமாட்டேன். என் வயதுத் தீவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வருத்தம் இருந்தது. பெரியம்மாவின் அயலவர்களும் எங்களை அப்படித்தான் பார்த்தார்கள். "பாவம், அங்க ஒண்டும் இல்லை" என்பார்கள். உண்மையான இரக்கத்தோடு சொன்னவர்களும் உண்டு. 'தீவார்' என்ற சொல்லில் கொஞ்சம் உப்புச் சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு. அரசாங்கத்தின் பார்வையும் அதுவேதான். கஷ்டப் பிரதேசம் என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். நெடுந்தீவுக்கு இடமாற்றக் கடிதம் வந்தால் ஆசிரியர் வீட்டில் சாவீடு போல இருக்கும் என்று என்னோடு படிப்பித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெடுந்தீவாளான என் முன்னாலேயே சொல்வார்கள். நான் தீவுக்காரி என்று மறந்து சொன்னார்களோ, இனி இவள் பட்டணத்தவள்தானே என்று நினைத்துச் சொன்னார்களோ தெரியாது. கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு ஒவ்வொரு முறையும் உறைத்தது.

பிறகு வந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் அந்த நூலகம் போயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள், சுவடிகள், என் உயரத்து அலுமாரிகள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்துகொண்டிருந்த எங்கள் சனத்தில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அம்மா தேசிக்காய் பிடித்த அதே கீழ்த்தட்டுகள். 1990 களின் தொடக்கத்தில் தீவுகள் ஒரு தரப்பின் கையிலும் குடாநாடு மறுதரப்பின் கையிலுமாகப் போயின. பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். அம்மாவின் கடிதம் கொழும்பைச் சுற்றி வந்து சேரும்போது அதிலிருந்த காய்ச்சல் மாறி வேறு காய்ச்சல் வந்திருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, நானும் நடந்தேன். தீவில் பாதி வீடுகள் பூட்டுக்கூட இல்லாமல் கிடந்தன. விடுமுறை என்ற பேச்சு இரண்டு ஊரிலும் பல வருஷம் இல்லாமலே போனது.

இப்போதைய யாழ்ப்பாணத்துக்கு எளிதாக வரலாம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து நேரே வந்து இறங்குகிறார்கள். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது. நூலகம் பழைய உருவத்திலேயே மறுபடி எழுந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பதினொரு மாடிக் கலாசார மையம். பின்னேரத்தில் பண்ணைக் கடற்கரையில் குடும்பங்கள் வந்து காற்று வாங்குகின்றன. ஹோட்டல்களும் தங்குமிடங்களும் பெருகிவிட்டன; நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவற்றிலும் இடம் பிடிப்பது கஷ்டம். சொந்த ஊருக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களைப் பார்த்து நான் முதலில் திகைத்தேன். இருந்த வீட்டை விற்றுவிட்டு அல்லது இழந்துவிட்டுப் போனவர்கள் வேறு எங்கே தங்குவது?

தங்கச்சி வந்த அன்றிரவே வீட்டு விறாந்தையில் வழக்குத் தொடங்கியது. "நல்லூர்த் தேரையும் பார்த்துக்கொண்டு இஞ்சயே நிப்பம் அக்கா. வேணுமெண்டால் தீவுக்கு ஒரு நாள் போட்டு வருவம்" என்றாள். அவளுக்கு நியாயம் இருந்தது. அவளுடைய கணவருக்கு இருதய வருத்தம். பெரிய ஆஸ்பத்திரி கிட்ட இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் பதினேழு வயது மகள் விடவில்லை.

"பெரியம்மா, எனக்குத் தீவுதான். யூடியூப்பில பார்த்தனான். அங்க ஒண்டும் இல்லையாம். அதுதான் எனக்கு வேணும்."

வண்ணார்பண்ணை அயலவர்கள் என்னைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை. அவர்கள் இரங்கிச் சொன்னதை இந்தப் பிள்ளை ஆசையாகச் சொல்லுகிறது. எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை. தீவில் ஒன்றுமில்லை என்று நினைத்து வருகிறவர் அங்கே இருப்பவரைப் பார்க்கமாட்டார். குதிரையைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், வெறும் கரையைப் பார்ப்பார்; அந்தக் கரைக்குப் பின்னால் விறகு முறிக்கிற பெண்ணைப் படத்திலிருந்து விலகச் சொல்லுவார். நான் பிள்ளையிடம் சொன்னேன்: "அங்க நாலாயிரம் சனத்துக்கு மேல இருக்கினம். நீ போறதெண்டால் அவையளிட்டப் போ. அங்க இருக்கிற என்ர மச்சாள் வீட்டில தங்கு. ஒரு நாள் பார்த்துப்போட்டு ஓடி வாறதுக்கு நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புகிற பயணத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. துறையில் இறங்கியதும் முச்சக்கரவண்டியோ பிக்கப்போ பேசி ஏறுகிறார்கள். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்கமரம், வளரும் கல், வெடியரசன் கோட்டை, மேய்ச்சல் வெளியில் குதிரைகள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் எடுத்து ஏறி, மத்தியானத்துக்குப் பிறகு துறைக்கு ஓடுகிறார்கள். வண்டிக்காரருக்கு நாலு காசு கிடைக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சோற்றையும் தண்ணீர்ப் போத்தலையும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவந்து, வெறும் போத்தலைத் தீவில் விட்டுப் போகிறார்கள். கரைக்கு அனுப்பிக் கழிவை அகற்றுகிற வசதி தீவுக்கு எங்கே இருக்கிறது? மாவிலித்துறையில் குமுதினியில் இறந்தவர்களுக்கு நினைவுத்தூபி நிற்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் போலிருக்கும்.

படகு விஷயத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் படகு தீவாருக்கு வீதி. பரீட்சைக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், கிளினிக் நாள் தவறக்கூடாதவர், எல்லாருக்கும் அதுவே வழி. திங்கட்கிழமைக் காலையில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் தீவுக்கு வருகிறார்கள், வெள்ளிக்கிழமை திரும்புகிறார்கள். அதே நேரத்துக்கு உல்லாசமாக வந்தவர்கள் முன்வரிசையில் இருந்துவிட, காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு தாய் நின்றுகொண்டு வந்ததை நான் கண்டேன். நான் எழும்பி இடம் கொடுத்தேன். ஆனால் அது ஓர் ஆள் எழும்பித் தீர்கிற விஷயம் இல்லை. விடுமுறைக்குப் போகிறவருக்கு எந்தக் கிழமையும் சரிதான். செவ்வாயோ புதனோ பார்த்துப் போகலாம், மேல்தட்டில் நிற்கலாம், முதலில் ஏறுகிற இடத்தைத் தீவாருக்கு விடலாம்.

நாங்கள் அப்படித்தான் போனோம். தங்கச்சியின் கணவர் யாழ்ப்பாணத்திலேயே நின்றார். அதுவும் சரியான முடிவு என்றே சொல்வேன். தீவில் வைத்தியசாலை உண்டு, அவசரத்துக்குக் கடலில் அம்புலன்ஸ் படகும் உண்டு. என்றாலும் பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணம்தான், இடையில் அந்தக் கடல். மச்சாள் ஒவ்வொரு பேறுக்கும் நாள் நெருங்கமுன்னமே வந்து என் வீட்டில் தங்கியவள். விரும்பி வருகிற நமக்கு அந்தத் தூரம் அமைதியாகத் தெரிகிறது. தீவாள் ஒருத்தி அந்தத் தூரத்துக்காகத் தன் மற்றப் பிள்ளைகளைப் பிரிந்து கிழமைக்கணக்கில் அடுத்தவர் வீட்டில் கிடக்கிறாள்.

மச்சாள் வீட்டில் பெறாமகள் முதல் நாள் எப்படியோ திணறினாள். குளிக்க இரண்டு வாளித் தண்ணீர் என்று கணக்கு. மூன்றாவது வாளிக்கு அவள் எழும்ப, மச்சாள் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுத் தானே இழுக்கத் தொடங்கினாள். கயிறு போன ஆழத்தைக் கண்டதும் பிள்ளை கயிற்றை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு சங்கதி நடந்தது. நெடுந்தீவு வேலி கல்வேலி. எல்லாம் முருகைக்கல், சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. பெரிய கல் அடியில், இரண்டு கல் சந்திக்கிற இடத்துக்கு மேலே மூன்றாவது, இடுக்குக்குச் சின்னக்கல். கையால் தட்டினால் விழும் போலிருக்கும். சோழகம் அந்த ஓட்டைகளுக்குள்ளால் சீழ்க்கையடித்துக்கொண்டு போகும், வேலி அசையாது. பெறாமகள் அந்த வேலியிலிருந்து, பூப்பூவாய்ப் பொருக்கு வைத்த ஒரு கல்லை இழுத்து எடுத்துக் கழுவி வைத்திருந்தாள், கனடாவுக்குக் கொண்டுபோக. மச்சாளின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், அதைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, அது வேலிக்கல்லு. ஒண்டை எடுத்தால் மேல இருக்கிறது நாளைக்கு இறங்கும். நாளையிண்டைக்கு ஆடு இறங்கும்."

கோபம் இல்லை. கல்லை வாங்கி, எடுத்த இடத்துக்கு முன்னால் குந்தி, உள்ளங்கையில் வைத்து மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார், ஆடியது. மறுபக்கம் திருப்பினார். இன்னொரு முறை. நாலாவது பக்கத்தில் கல் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. "கல்லுக்கு முகம் இருக்கு. அது பார்க்கவேண்டிய பக்கம் பார்த்தால் பேசாமல் இருக்கும்" என்றார். பிள்ளை அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். அந்தப் பக்கத்தில் போன மாரிக்குச் சரிந்த துண்டொன்று கிடந்தது. மத்தியானம்வரை இரண்டு பேருமாக அதை எடுத்துக் கட்டினார்கள். தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, நகம் உடைந்திருக்கிற மகளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானும் சின்னக்கல் பொறுக்கிக் கொடுக்கத் தொடங்கினாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே.

குதிரைகளைப் பார்த்தோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழி என்பது ஊர்ச்சொல். தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மழை பிந்துகிற வருஷங்களில் குட்டைகள் வற்றி, தண்ணீருக்கு அலைந்து குதிரைகள் சாகின்றன. ஓகஸ்டில் அவற்றின் விலா எலும்பை எண்ணலாம். படத்தில் அழகாக ஓடுகிற குதிரை நேரில் இப்படி இருப்பதைக் கண்டு பெறாமகள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

இந்த வீட்டில் இன்னொரு பதினேழு வயது இருந்தது. மச்சாளின் கடைசி மகள். யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்கிறவள். லீவுக்குத் தீவுக்கு வந்திருந்தாள். இருவரும் முதல் நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், இரண்டாம் நாள் கதைத்தார்கள், மூன்றாம் நாள் சேர்ந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்கள்.

"மாமி, நான் உங்களோட யாழ்ப்பாணம் வரட்டோ?" என்றாள் தீவுப் பிள்ளை. "லீவெண்டால் விடுதியைப் பூட்டிப்போடுவினம். எனக்கு நூலகத்தில இருந்து பாஸ்ட் பேப்பர் செய்யவேணும். இஞ்ச கரண்டும் நிண்டு நிண்டு வருது, நெட்டும் இழுக்காது."

"பெரியம்மா, நான் இஞ்சயே நிக்கிறன்" என்றாள் மற்றவள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். மச்சாளும் என்னைப் பார்த்தாள். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லாத விடுமுறை. மச்சாள்தான் முதலில் வாய் திறந்தாள்: "அது இஞ்ச நிக்கட்டும். இது அங்க போகட்டும். இரண்டும் எங்கட பிள்ளையள்தானே." குரலில் கொஞ்சம் தழுதழுப்பு இருந்தது. லீவுக்கு வந்த மகளை லீவிலேயே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? என் அம்மாவும் ஓகஸ்ட் முடிகிறவரை பெரியம்மா வீட்டில் என்னை விட்டுவிட்டு, தான் மட்டும் அடுத்த கிழமைப் படகில் மாடுகளிடம் திரும்பிப் போவார். அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மச்சாளின் முகத்தில் அதைப் பார்த்தேன்.

அப்படியே செய்தோம். தீவுப் பிள்ளை எங்களோடு வந்து, காலையில் நூலகம் திறக்கிற நேரத்துக்குப் போய் மூடுகிற நேரத்துக்குத் திரும்பினாள். தேருக்கு மட்டும் லீவு எடுத்தாள். புதிதாகக் கட்டின தியேட்டரில் படம் பார்க்கக் கேட்டாள், கூட்டிக்கொண்டு போனேன். ஸ்காபரோப் பிள்ளை தீவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், ஒடியல் கூழுக்கு நண்டு உடைத்தாள், அண்ணையோடு இன்னும் ஒரு துண்டு வேலி கட்டினாள். இருவரும் இரவில் கைபேசியில் ஒருவருக்கொருவர் மற்றவரின் வீட்டைக் குறை சொன்னார்கள்: ஒருத்திக்குப் பட்டணத்துச் சத்தத்தில் நித்திரை வரவில்லை, மற்றவளுக்குத் தீவின் நுளம்பில் நித்திரை வரவில்லை.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதியவர், நோயாளி, கைக்குழந்தை இருந்தால் யாழ்ப்பாணத்தில் நில்லுங்கள். அது குறைந்த ஊர் இல்லை, நூலகத்துக்கும் நல்லூருக்கும் பண்ணைக்கும் பின்னேரங்கள் போதாது. உடம்பு இடம் கொடுத்தால் தீவுக்குப் போங்கள்; போனால் இரவு தங்குங்கள், அந்த ஊர் வீட்டில் சாப்பிடுங்கள், அதற்குக் காசு கொடுங்கள், போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். முடிந்தால் மாசி, பங்குனியில் போங்கள். அப்போது சோழகம் தொடங்கியிராது, வாடையும் தணிந்திருக்கும். மாரித் தண்ணீர் குட்டைகளில் நிற்கும், குதிரைகளுக்குப் புல் இருக்கும்.

தங்கச்சி அடுத்த வருஷமும் வருகிறாளாம். பங்குனியில் வரச் சொன்னேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்டில்தான் விழுகிறதாம், வேறு வழியில்லையாம். அப்படியென்றால் கடல் குலுக்கத்தான் செய்யும், தேசிக்காய் நான் கொண்டு வருகிறேன், செவ்வாய்க்கிழமைப் படகுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திங்கள் ஆசிரியர்களுக்கு.